பெட்டி வீடா, கெட்டி வீடா?



சென்ற இதழின் 'வீடும் வாசலும்' பகுதியில் வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் கவனிக்கவேண்டியவை பற்றி எழுதியிருந்தேன். அது அச்சுக்குப் போன கிழமையே கிழக்கு லண்டனிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்தது. அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்க முடியாத விடயம் என்பதால் அவரோடு உடனே தொலைபேசியில் பேசிவிட்டேன். ஆனாலும் அவருடைய கேள்வி எம்மில் பலருடைய கேள்வி. ஆகவே இம்மாதம் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். அகதி அந்தஸ்துக் கிடைத்த பின்னர், முன்பு இருந்த விடுதியை விட்டு வெளியேறவேண்டி வந்து, கவுன்சில் கொடுத்த தற்காலிக இடத்தில் ஒரே அறையில் பதினான்கு மாதங்கள். சமையலறையும் குளியலறையும் மற்றவர்களோடு பொது. இப்போது இரண்டு படுக்கையறை கொண்ட பிளாற் ஒன்று தருவதாகக் கவுன்சில் அறிவித்திருக்கிறது. சந்தோஷமான செய்திதானே? இல்லை. கடிதத்தில் அவர் எழுதியது இதுதான்:

"அண்ணை, இவர் போய்ப் பாத்திட்டு வந்து வேண்டாம் எண்டு நிக்கிறார். அது கல்லாலை கட்டின வீடில்லையாம். பக்ரறியிலை பெட்டி பெட்டியாச் செய்து, லொறியிலை கொண்டுவந்து ஒண்டுக்கு மேலை ஒண்டு அடுக்கினதாம். சுவரிலை தட்டினால் டொக் டொக் எண்டு கேக்குதாம். நெருப்புப் பிடிச்சால் என்ன செய்யிறது, காத்தடிச்சால் என்ன செய்யிறது எண்டு கேக்கிறார். நான் என்ன சொல்லுறது?"

அந்தத் தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்ற ஊரில் பிறந்தவர்கள் நாங்கள். கல்வீடு என்றால் எங்களுக்கு மதிப்பு, சீதனம், பரம்பரை. குண்டு விழுந்தபோதும் கல்வீட்டின் மூலைக்குள்தான் ஒதுங்கினோம். சுவரைத் தட்டிப் பார்த்து வீட்டை எடைபோடும் பழக்கம் எங்களுக்கு இரத்தத்தில் ஊறியது.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். எங்கள் பாட்டன் பூட்டன் இருந்த வீட்டின் கூரை எப்படி வந்தது? தென்னோலையை ஊறவைத்து, முற்றத்தில் இருந்து பெண்கள் கிடுகு பின்னுவார்கள். எல்லாக் கிடுகும் ஏறக்குறைய ஒரே அளவு. அடுக்கி வைத்துவிட்டு, ஒருநாள் அயலவர்கள் கூடி வந்து, காலையில் தொடங்கி மாலைக்குள் கூரையை வேய்ந்து முடிப்பார்கள். கீழே இருந்து செய்துகொண்டு போய் மேலே பொருத்துவது எமக்குப் புதிய வித்தை அல்ல. அந்தக் கூரை ஒழுகுமா ஒழுகாதா என்பதைத் தீர்மானித்தது கிடுகு மட்டுமல்ல. ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு ஏறி நிற்கிறது, கட்டு எவ்வளவு இறுக்கம் என்பவையும்தான்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துண்டு துண்டாகச் செய்யும் எந்த வீட்டுக்கும் உயிர்நாடி அதன் பொருத்துத்தான்.

இந்த நாட்டுக்கும் இது புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் குண்டுகளால் இங்கே பல்லாயிரம் வீடுகள் அழிந்தன. போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கு வீடில்லை. 1944இல் தற்காலிக வீடுகளுக்கென ஒரு சட்டம் நிறைவேறியது. 1949க்குள் 156,000க்கும் அதிகமான 'பிறீபாப்' வீடுகள் எழுந்தன. அவற்றில் 54,000க்கும் மேற்பட்டவை அலுமினிய வீடுகள். போர் விமானங்களைச் செய்த தொழிற்சாலைகளே அவற்றைச் செய்தன. ஒரு வீடு நான்கு துண்டுகளாக லொறியில் வந்து இறங்கும். உள்ளே குளியலறை, மலசலகூடம், பொருத்தப்பட்ட சமையலறை, பலவற்றில் குளிர்சாதனப் பெட்டியும்கூட. அக்காலத்தில் இங்குள்ள தொழிலாளர் குடும்பங்களில் ஏராளமானோர் வெளியே முற்றத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கென்று செய்த வீடுகள் அவை. ஆனால் பல அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றன. தெற்கு லண்டனில் எம்மவர்கள் பலர் வாழும் கற்போர்ட்டில், எக்ஸ்காலிபர் என்ற குடியிருப்பில் 180க்கும் மேற்பட்ட பிறீபாப் வீடுகள் இருந்தன. போர்க் கைதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டவை. 2009இல் அவற்றில் ஆறு வீடுகளைப் பாதுகாக்கப்படவேண்டிய கட்டடங்களாக அரசு பட்டியலிட்டது. மற்றவற்றை இடிக்கக் கவுன்சில் முனைந்தபோது, போகமாட்டோம் என்று நின்ற முதியவர்களும் இருந்தார்கள். தற்காலிகம் என்று வந்த இடத்தில் ஒரு வாழ்க்கையே முடிந்துவிடுவது எங்களுக்கும் தெரிந்த கதைதானே!

நல்லதை மட்டும் சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை. அந்தத் தம்பியின் பயத்துக்கும் வரலாறு உண்டு. அது அவர் இருக்கும் கிழக்கு லண்டனிலேயே நடந்தது.

கனிங் ரவுணில் ரோனன் பொயின்ற் என்று 22 மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. தொழிற்சாலையில் வார்த்த பெரிய கொங்கிறீற் சுவர்களைக் கொண்டுவந்து, சீட்டுக்கட்டு வீடு போல ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திக் கட்டியது. 1968 மார்ச்சில் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். அதே ஆண்டு மே 16ஆம் திகதி விடியற்காலை, 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தார். எரிவாயுக் குழாயில் கசிவு. வெடித்தது. வெடிப்பு அவ்வளவு பெரியதல்ல. அந்தப் பெண்மணி உயிர் தப்பினார். ஆனால் பாரந்தாங்கிய சுவர் வெளியே தள்ளப்பட, மேலே இருந்த மாடிகள் சரிந்தன. அந்தப் பாரத்தில் கீழே இருந்தவையும் சரிந்தன. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் அடிவரை விழுந்தது. நான்கு பேர் இறந்தனர்.

கொங்கிறீற்றில் குறையில்லை. சுவருக்கும் தளத்துக்கும் இடையிலான பொருத்துத்தான் போதாமல் இருந்தது. திருத்தி மீண்டும் குடியேற்றிய அந்தக் கட்டடத்தை 1986இல் கழற்றியபோது, சீமெந்துக் கலவை நிரம்பியிருக்க வேண்டிய சில பொருத்துகளுக்குள் பழைய பத்திரிகைத் தாள்கள் திணிக்கப்பட்டிருந்தன! அவசரம், மேற்பார்வையின்மை, 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்ற எண்ணம். சுவரைத் தட்டிப் பார்த்திருந்தால் கெட்டியாகத்தான் கேட்டிருக்கும்.

ரோனன் பொயின்றுக்குப் பின்னர் 1970இல் கட்டட விதிகள் மாற்றப்பட்டன. உயரமான கட்டடத்தில் ஓரிடத்தில் ஏற்படும் சேதம் முழுக் கட்டடத்தையும் வீழ்த்தாதவாறு கட்டவேண்டும் என்பது சட்டமாயிற்று. 2017இல் கிரென்ஃபெல் கோபுரத் தீ 72 உயிர்களைக் கொண்டுபோன பின்பு, 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 மீற்றர் அல்லது ஏழு மாடிக்கு உயர்ந்த குடியிருப்புகளுக்கு, எது எங்கே எப்படிப் பொருத்தப்பட்டது என்ற விபரங்களைக் கணனிப் பதிவாக வைத்திருக்கவேண்டும் என்கிறது அது.

இனி, இன்றைய 'மொடியூலர்' வீடு எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்ப்போம். முதலில் முழு வீடும் கணனியில் கட்டப்படுகிறது. குழாய், மின்கம்பி, யன்னல், ஆணி போகும் இடம்வரை. ஒரு குழாய் ஒரு உத்திரத்தில் இடிக்குமானால் அது கணனியிலேயே தெரிந்துவிடும். அந்த அளவுகளை இயந்திரங்கள் வாங்கி உருக்கையோ மரத்தையோ வெட்டுகின்றன. மழையும் குளிரும் இல்லாத கூடத்தில் அறை அறையாகச் செய்து, குளியலறை ஓடும் சமையலறை அலுமாரியும் பூட்டி, இலக்கமிட்டு லொறியில் ஏற்றுகிறார்கள். அதே வேளையில் காணியில் அத்திவாரம் போடப்படுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் மாதக்கணக்கில் காலம் மிச்சம். வெட்டி எறியும் கழிவும் குறைவு. காற்றுப் புகாமல் நெருக்கமாகச் செய்வதால் வெப்பம் வெளியே ஓடாது. குளிர்காலத்தில் சூடேற்றும் செலவும் குறையலாம்.

இவை சிறு கொட்டில்கள் அல்ல. குறொய்டன் ரயில் நிலையத்துக்கு அருகே 38 மாடியும் 44 மாடியுமாக நிற்கும் இரட்டைக் கோபுரங்களில் 546 வீடுகள் உள்ளன. 1500க்கும் மேற்பட்ட பெட்டிகளை அடுக்கி 2020இல் முடிக்கப்பட்டவை. மிச்சத்தில் 2015இல் 'வை கியூப்' என்று 36 சிறு வீடுகள் அமைந்தன. ஒவ்வொன்றும் 26 சதுர மீற்றர். விடுதிகளில் இருந்தவர்கள் சொந்தக் கதவுள்ள வீட்டுக்கு வர ஒரு படியாக, சந்தை வாடகையின் 65 சதவீதம் அளவில் கொடுத்தார்கள்.

'அப்படியென்றால் ஏன் எல்லா வீடுகளையும் இப்படியே கட்டிக் குவிக்கவில்லை?' என்று கேட்பீர்கள். தொழிற்சாலை என்பது பேக்கரி போன்றது. அடுப்பு மூட்டினால் தினமும் பாண் விற்கவேண்டும். காணி அனுமதி தாமதமானால், கட்டளைகள் நின்றால், கூலியும் வாடகையும் மட்டும் நிற்காது. 2023 மே மாதத்தில் லீட்ஸ் பக்கமிருந்த பெரிய தொழிற்சாலை ஒன்று புதிய வேலைகளை நிறுத்தியது. ஜூன் மாதத்தில் யோக்‌ஷயரைச் சேர்ந்த இல்க் ஹோம்ஸ் என்ற நிறுவனம் விழுந்தது. நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர். வீடு நன்றாக இருந்தாலும், செய்தவர் நாளை இருப்பாரா என்பதும் ஒரு கேள்விதான்.

இன்னுமொன்று. மலிவாகக் கட்டிய வீடு மலிவான வாடகைக்கு வரும் என்று எண்ணிவிடாதீர்கள். லண்டனில் காணியின் விலையே பெரும் பங்கு. 'அபோடபிள் றென்ற்' என்று கடிதத்தில் இருந்தால் அது சந்தை வாடகையின் 80 சதவீதம்வரை போகலாம். 'சோசல் றென்ற்' என்றால் பொதுவாக அதைவிட நன்றாகக் குறைவு. சொல் ஒன்றுபோல் இருக்கும். மாத முடிவில் பணப்பைக்கு வித்தியாசம் தெரியும்.

எங்கள் ஊரிலும் இந்த வாதம் நடந்தது. போரில் வீடிழந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகளைத் தொழிற்சாலையில் செய்து இறக்க 2016 அளவில் கொழும்பு அரசாங்கம் திட்டமிட்டது. ஒரு வீட்டுக்கு இருபது இலட்சம் ரூபாவுக்கு மேல் என்றார்கள். எம்மவர் பலர் எதிர்த்தார்கள். அந்தச் செலவில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்வீடு கட்டலாம், வெக்கைக்கு உருக்கு ஒத்துவராது, விறகடுப்புக்கு இடமில்லை, ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலையில்லை என்றார்கள். அதற்கு முன்னர் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்து, வீட்டுக்காரரே நின்று கட்டும்படி விட்டிருந்தார்கள். உருக்கு வீட்டுத் திட்டம் அறிவித்தபடி நிறைவேறவில்லை.

அங்கே வேண்டாமென்றது சரி. அதனால் இங்கேயும் வேண்டாம் என்பது சரியாகாது. அங்கே வெயில், விறகு, சொந்தக் காணி, கைவேலை தெரிந்த மனிதர். இங்கே குளிர், மழை, விலைகூடிய காணி, கட்டட வேலைக்கு ஆட்பஞ்சம். வீடு எந்த மண்ணில் நிற்கிறது, யார் அதில் இருக்கப்போகிறார்கள் என்று பார்த்துத்தான் முறையைத் தெரியவேண்டும்.

சரி, பார்க்கப் போகும்போது என்ன செய்வது? சுவரைத் தட்டுவதை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள், கேளுங்கள்.

முதலாவது, ஒரு பெட்டி முடிந்து மற்றப் பெட்டி தொடங்கும் கோடு எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் நடைபாதையில் அல்லது கூடத்தின் நடுவில் இருக்கும். அந்தக் கோட்டில், யன்னல் ஓரங்களில், மேல்மூலைகளில் வெடிப்போ ஈரக் கறையோ புதிதாகப் பூசிய வர்ணமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, தீ. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சுவர், தனிக் கூரை, தனித் தளம் இருப்பதால் இரண்டுக்கும் இடையில் வெற்றிடம் உண்டு. அதற்குள் தீ ஓடாமல் தடுப்புகள் வைத்திருக்கவேண்டும். 'தீ அபாய மதிப்பீடு எப்போது செய்யப்பட்டது, காட்ட முடியுமா' என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

மூன்றாவது, காற்று. நெருக்கமான வீட்டில் ஈரம் தானாக வெளியேறாது. கூரையிலோ சுவரிலோ மெல்லிய இரைச்சலோடு ஓடும் விசிறியைக் காசு மிச்சம் பிடிக்க நிறுத்திவிடாதீர்கள். மிளகாய் தாளிக்கும்போது அறிவிப்பு மணி அடிக்கிறதே என்று புகை உணரும் கருவிக்குத் துணி கட்டுவோரும் எம்மில் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. சமையலறைக் கதவை மூடி, விசிறியைப் போட்டுச் சமையுங்கள். கோடையில் இவ்வீடுகள் சூடாகவும் கூடும்; யன்னல் திறக்கிறதா, வெயில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

நான்காவது, ஏற்கெனவே குடியிருப்பவர் ஒருவரிடம் கேளுங்கள். மேல்வீட்டுச் சத்தம், குளிர்கால மின்கட்டணம், பழுது சொன்னால் எத்தனை நாளில் வருகிறார்கள் என்பவற்றை அவரை விட நன்றாக யார் சொல்வார்? பூஞ்சணம் வந்தால் அது உங்கள் சமையலால்தான் என்று தட்டிக்கழிக்க விடாதீர்கள். 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தில் 'அவாப் சட்டம்' நடைமுறையில் உள்ளது. கடுமையான ஈரம், பூஞ்சணம் பற்றி அறிவித்தால் கவுன்சிலோ வீட்டுச் சங்கமோ பத்து வேலைநாட்களுக்குள் வந்து ஆராயவேண்டும். உடனடி ஆபத்தென்றால் 24 மணித்தியாலத்துக்குள் நடவடிக்கை வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. வீடற்றவர்களாகப் பதிந்த குடும்பம், கவுன்சில் தரும் பொருத்தமான வீட்டை மறுத்தால், கவுன்சிலின் கடமை அத்தோடு முடிந்துவிடலாம். 'பெட்டி வீடு' என்பது தனியே மறுப்புக்குப் போதிய காரணமாகாது. வீடு பொருத்தமில்லை என்று உண்மையாகவே நினைத்தால், அதை ஏற்றுக் குடிபுகுந்துகொண்டே, 21 நாட்களுக்குள் மறுபரிசீலனை கோரலாம். வாயால் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வருவதற்கு முன் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அல்லது ஷெல்ற்றர் அமைப்பிடம் இலவசமாகக் கேளுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் இங்கு வந்த புதிதில், அயலில் உள்ள வீடுகளை விட நன்றாக மலிவாக ஒரு பழைய கவுன்சில் வீடு விற்பனைக்கு வந்தது. அதிர்ஷ்டம் என்று ஓடினேன். மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, வார்த்த கொங்கிறீற் தூண்களால் ஆன வீடு, கடன் கிடைக்காது என்று எழுதிவிட்டார். அவருடைய கட்டணம் போனதுதான் மிச்சம். போருக்குப் பின் கட்டிய அத்தகைய வீடுகள் பலவற்றில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து கொங்கிறீற் வெடித்தது. 1984இல் அவற்றுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஆகவே மலிவாக இருந்தால், மதிப்பீட்டுக்குக் காசு கட்டும் முன்பே 'எந்த முறையில் கட்டியது, திருத்தியதற்கு அத்தாட்சி உண்டா' என்று கேளுங்கள். புதிய மொடியூலர் வீடானால் பத்தாண்டு உத்தரவாதமும், 'போபாஸ்' அத்தாட்சியும் உண்டா என்று கேளுங்கள். குறைந்தது 60 ஆண்டுகள் நிலைக்கும் என்று கடன் கொடுப்போருக்கு நம்பிக்கை தரும் ஏற்பாடு அது.

அந்தச் சகோதரியின் வீட்டில் என்ன நடந்தது? இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு இருவரும் மீண்டும் போய்ப் பார்த்தார்கள். தீ மதிப்பீட்டை மின்னஞ்சலில் வாங்கினார்கள். இரண்டாம் மாடியில் இருந்த சோமாலியக் குடும்பத்தோடு பேசினார்கள். குளியலறை மூலையில் இருந்த ஈரக் கறையைப் படமெடுத்து, திருத்தித் தருவதாகக் கையெழுத்தில் பெற்றுக்கொண்டு சாவியை வாங்கினார்கள்.

போன ஞாயிறு தம்பியே தொலைபேசி எடுத்தார். "அண்ணை, சாமிப்படத்துக்குச் சுவரிலை தட்டு அடிக்கலாமோ?"

"கேளாமல் ஓட்டை போடாதேயும் தம்பி. உள்ளுக்குக் குழாயும் கம்பியும் போகுது. தீயைத் தடுக்கிற பலகையும் அதுதான். எங்கை அடிக்கலாம் எண்டு அவையிட்டைக் கேளும். அதுவரைக்கும் மேசையிலை வையும்."

"சரியண்ணை." சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "மூத்தவள் தன்ரை அறைக் கதவைச் சாத்திப்போட்டு இருந்து படிக்கிறாள். பதினாலு மாதத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் அவளுக்கு ஒரு கதவு."

அடுத்த இதழில் மின்கட்டணக் கடிதத்தை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். உங்கள் கேள்விகளை வழமைபோல் ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள்.